கோது கழுவிய தண்ணீர்

பத்துப் பன்னிரண்டு கோதுகளை ஒரே அள்ளாக அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவார் சிவநேசம். கணீரென்று சத்தம் வந்தால் எல்லாம் நல்ல கோது. அதற்குள் ஒன்று வெடித்திருந்தாலும் சத்தம் அடைத்துப்போய் வரும். கையிலிருப்பதைப் பாதியாக்கி மறுபடி குலுக்குவார், அதிலும் பாதியாக்குவார், நாலாவது குலுக்கலுக்குள் கள்ளனைப் பிடித்துவிடுவார். கழுத்தடியில் மயிரளவு வெடிப்பு இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் இலேசில் தெரியாது. "காதை ஏமாத்தேலாது," என்று சொல்லிக்கொண்டு அதைக் கழிவு வாளிக்குள் எறிவார். மனைவி குணேஸ்வரி சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் அதே காதுக்குக் கேட்கும்.

கோது என்பது, சன்னம், அதுதான் துப்பாக்கிக் குண்டு, துவக்கை விட்டுப் பறந்தபின் பக்கத்தில் விழுகிற பித்தளைக் கூடு. இராணுவம் பயிற்சியில் சுட்டுத் தள்ளியதை எல்லாம் கூட்டி அள்ளி, அரசாங்கம் பீப்பாய் பீப்பாயாக இணையத்தில் ஏலம் போடும். அநேகமாக நசுக்கித்தான் விற்பார்கள். அது உருக்குவதற்கு மட்டும்தான் உதவும். எப்போதாவது முழுக் கோதாக ஒரு தொகுதி வரும், அதற்குத்தான் சிவநேசம் கொக்குமாதிரிக் காத்திருப்பார். வாங்கி, தெரிந்தெடுத்து, கழுவி, மான் வேட்டைக்காரர்களுக்கும் குறிபார்த்துச் சுடும் கிளப்காரர்களுக்கும் விற்பார். அவர்கள் புதிதாக மருந்து போட்டு, சன்னம் பூட்டி, மறுபடி சுடுவார்கள். வெறுங்கோதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. சிவநேசத்திடம் துவக்கும் இல்லை. அறுபத்தொரு வயதுக்கு அவர் ஒரு வெடிகூட வைத்ததில்லை.

ஏலம் பகல் இரண்டு மணிக்கு முடியும். ஒன்றரைக்கே சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, தோய்த்த சேர்ட் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்துவிடுவார். அந்த அரைமணி நேரம் வீட்டில் மிக்ஸி போடக்கூடாது. கதவுமணி அடித்தால் ஒருவரும் எழும்பிப் போகக்கூடாது. எதிரில் நின்று விலை கேட்பவர்களின் பெயர் தெரியாது, ஆளுக்கொரு இலக்கம் மட்டும் திரையில் விழும். அதில் ஓர் இலக்கம் எப்போதும் அவரோடு மல்லுக்கு நிற்கும். எடைக்கு வாங்கி உருக்குகிற பழைய உலோக வியாபாரியாக இருக்கவேண்டும். சிவநேசம் ஆளைக் கண்டதே இல்லை. ஆனாலும் மொட்டைத் தலை, தடித்த கழுத்து, கையில் தங்கச் சங்கிலி என்று முழு ஆளையே செய்து, மொட்டையன் என்று பெயரும் வைத்துவிட்டார். "மொட்டையன் வந்திட்டான் பாரும்," என்று அவர் சொன்னால், யாரோ வரவேற்பறையில் வந்து இருப்பதுபோலக் குணேஸ்வரியும் குரலைத் தாழ்த்துவாள்.

வென்றால் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பத்திரம் வரும். உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில், எல்லாப் பொறுப்பும் வாங்குபவருக்கே. இங்கிலிஷில் ஒருதரம், பிரெஞ்சில் ஒருதரம் எழுதியிருக்கும். சிவநேசம் இரண்டையும் வாசிப்பார். கோதில் ஈயத்தூள் ஒட்டியிருக்கக்கூடும், கையுறை போடவும், முகமூடி போடவும், கை கழுவவும் என்ற இடத்துக்கு மஞ்சள் மை பூசி வைத்திருந்தார். அவரைக் கவனமில்லாத மனிதர் என்று மொன்றியலில் ஒருவரும் சொல்லமுடியாது. பிறகு நடந்ததை நினைக்க நினைக்க எரிச்சல் வருவது அதனால்தான்.

இந்தத் தொழிலுக்கு அவரை இழுத்துவிட்டவன் ரெஜான். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சிவநேசம் இருபத்துநாலு வருடம் சட்டி கழுவினார். ரெஜான் அங்கே சூப் வைப்பவன், இலையுதிர் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு மூஸ் மான் சுடப் போய்விடுவான். கொரோனாவில் ஹோட்டலைப் பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோது இளம் ஆட்களைக் கூப்பிட்டார்கள், மணிக்கட்டு வீங்கிய கிழவனைக் கூப்பிடவில்லை. "ரெண்டு லட்சம் சட்டி கழுவிக் குடுத்திருப்பன். ஒரு போன் எடுக்கேல்லை," என்பார் சிவநேசம். அந்த மாதத்தில்தான் ரெஜான் தன் நிலவறைக்குக் கூட்டிப்போய், ஒரு கோதைக் கையில் கொடுத்து, இதைக் கழுவித் தருகிறாயா என்று கேட்டான். கழுவுவது தெரிந்த ஒரே ஆள் என்று அவரை நினைத்தானோ என்னவோ. சிவநேசத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் சரி என்றார்.

பியர்பொன்ட்ஸில் அவருடைய வீட்டோடு ஒட்டிய கராஜ் அதன்பிறகு கார் கண்டதில்லை. கார் வெளியில் பனிக்குள் நிற்கும், கோது உள்ளே ஹீட்டரோடு இருக்கும். பனிக்காலம் முழுக்கத் தெரிவு, கோடையில் கழுவல். கோதின் அடியில் தொழிற்சாலையின் எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். நகைக்கடைக்காரரின் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வருடவாரியாகப் பிரிப்பார். ஒரே வருடத்துக் கோது ஆயிரம் சேர்ந்தால் கிளப்காரர்கள் கேட்ட காசு தருவார்கள். 09 என்று பொறித்தவை மட்டும் விற்பனைக்கு இல்லை. அவற்றை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு மேல்தட்டில் வைத்திருந்தார். கனடாவில் செய்து கனடாவில் சுட்ட கோதுக்கும் அந்த வருடம் வன்னியில் நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே என்று ரெஜான் கேட்டதற்கு, "தெரியும். ஆனாலும் அந்த வருஷத்துக் கோதை ஆரும் திருப்பி நிரப்ப வேண்டாம்," என்றார்.

ஊர்ச்சனம் அவருக்குக் கோது சிவநேசம் என்று பெயர் வைத்தது. கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால், வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆள் இங்கே காசு கொடுத்து வெடி வாங்குகிறார் என்று பின்னால் நின்று சிரிப்பார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஓடிவந்த காரணம் அவருக்குத்தான் தெரியும். எண்பத்தேழில், இருபத்துமூன்று வயதில், உரும்பிராயில் ரோட்டோரம் கிடந்த ஒரு வெறுங்கோதைச் சும்மா எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அன்றைக்கே ஆமி சுற்றிவளைத்தது. பையிலிருந்த கோதைக் கண்டவுடன் அவரைப் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோய், இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி நிற்கச் சொன்னார்கள். காலை எட்டு மணியிலிருந்து வெயில் சாயும்வரை நின்றார். பக்கத்தில் நின்றவன் களைத்துப்போய்க் கையை இறக்கினான். அவனுக்கு என்ன நடந்தது என்பதைச் சிவநேசம் குணேஸ்வரிக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போதும் காலநிலை மாறினால் அவருக்குத் தோள்மூட்டு இரண்டும் உளையும்.

கோது கழுவுவதற்குக் கடைகளில் மருந்து விற்கிறது. சிவநேசம் அதைத் தொடமாட்டார். பழப்புளிதான். வீட்டில் குத்துவிளக்கு மினுக்குவது எதனால், அதே பித்தளைதானே என்பது அவருடைய வாதம். தமிழ்க் கடையில் கட்டி கட்டியாகப் பழப்புளி வாங்கிக் கரைத்து, சுடுதண்ணீர் விட்டு, கோதுகளைப் பெரிய வாளியில் ஊறப்போட்டுப் பலகையால் கிண்டுவார். கரி எல்லாம் கழன்று தண்ணீர் தார்போலக் கறுத்துவிடும். கோது பொன்போல எழும்பும். சிவாவின் கோதில் ஏதோ சாப்பாட்டு வாசம் வருகிறது என்று வேட்டைக்காரர்கள் மூக்கில் வைத்து மணப்பார்கள். அதற்காகவே தேடி வந்தவர்களும் உண்டு.

வேலை செய்யும்போது முகமூடி, கையுறை, கராஜுக்கென்று தனிச் செருப்பு, தனி உடுப்பு. முடித்ததும் உடுப்பைக் கதவடியில் கழற்றிப் போட்டுவிட்டு நேரே குளியலறை. செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்மாதிரி தலையில் தண்ணீர் வார்க்காமல் எதையும் தொடமாட்டார். பேத்தி லயா பிறந்தபிறகு இது இன்னும் கூடியது. லயா மகள் வினோஜாவின் பிள்ளை. பிரெஞ்சு ஆசிரியைகளுக்கு வாயில் நுழையவேண்டும் என்று தெரிந்தெடுத்து வைத்த பெயர். வினோஜாவும் கணவன் பிரணவனும் கர்க்லாண்டில் வீடு வாங்கியிருந்தார்கள். இருவருக்கும் வேலை, கார்டெரியில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், இடம் கேட்டுப் பதிந்து இரண்டு வருடம் ஆகியும் கிடைக்கவில்லை. அதனால் காலை ஏழரைக்குப் பிள்ளையைப் பியர்பொன்ட்ஸில் இறக்கிவிட்டுப் போவார்கள். "முதலிலை சோப், பேந்துதான் பிள்ளை," என்று அவர் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டு கை கழுவுவதைக் கேட்டு, லயாவும் ஓடிவந்து இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நிற்பாள். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுவார். அந்தச் சட்டி கழுவிய மனிதனுக்கு வாழ்க்கையில் கிடைத்த பென்ஷன் அதுதான்.

கறுத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று அவருக்கு முதலிலேயே யோசனை இருந்தது. உலோகம் கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்குள் விடக்கூடாது, நகரசபைச் சட்டம் என்று எங்கேயோ வாசித்திருந்தார். சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை அவர். அகதி அட்டையோடு வந்த நாளிலிருந்து ஒரு பார்க்கிங் தண்டம்கூடக் கட்டியதில்லை. அப்படியென்றால் வேறு எங்கே? உரும்பிராயில் சட்டி கழுவிய தண்ணீர் வாழையடிக்குப் போகும், அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்குப் போகும், முகம் கழுவிய தண்ணீர்கூடச் செவ்வரத்தைச் செடிக்குத்தான் ஓடும். தண்ணீரைச் சும்மா நிலத்தில் கொட்டினால் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவர். ஆகவே வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கராஜுக்குப் பின்னாலிருந்த பாத்திக்கு ஊற்றினார். அது குணேஸ்வரியின் கீரைப் பாத்தி.

ஐந்து கோடை ஊற்றினார். கீரை தளதளவென்று வந்தது. "புளித்தண்ணி கண்டவுடனை எப்பிடி எழும்புது பாரும்," என்பார். குணேஸ்வரிக்கும் பெருமை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவிக்கும் ஒரு கட்டுக் கொடுப்பாள். மீதியை அவித்து, சின்னச் சின்னப் பையில் போட்டு, மாதம் எழுதி, பனிக்காலத்துக்கென்று ஆழ்குளிர்ப் பெட்டியில் அடுக்குவாள். சில பைகளில் மாதத்துக்குக் கீழே லயா என்று எழுதியிருக்கும். பிள்ளைக்கு மத்தியானம் சோறும் கடைந்த கீரையும், அதற்குமேல் ஒரு கரண்டி நெய். இரும்புச்சத்து என்று வினோஜாவும் சந்தோசப்பட்டாள்.

போன ஐப்பசியில் லயாவுக்கு இரண்டு வயது முடிந்தது. சாப்பாடு செல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அந்த வயதில் ஐம்பது சொல்லாவது பேசவேண்டுமாம். அவளிடம் எட்டோ ஒன்பதோதான் இருந்தது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் நாளே கூப்பிட்டு, இரத்தத்தில் ஈயம் இருக்கிறது, பயப்படும்படியான அளவுக்கு இருக்கிறது என்றார்கள்.

டொக்டர் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கண்மை, நாட்டு மருந்து, பழைய வீட்டுப் பெயின்ற், வீட்டில் யாருக்காவது உலோக வேலை. வினோஜா போனில் ஒவ்வொன்றாக வாசித்தாள். உலோக வேலை என்றதும் சிவநேசம் கராஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார். உடனே மனதுக்குள் தன்னை விசாரணை செய்தார். முகமூடி? போட்டேன். கையுறை? போட்டேன். குளிப்பு? ஒருநாளும் தவறவில்லை. விசாரணை முடிந்து தன்னை விடுதலை செய்தார். பிறகு குசினிப்பக்கம் திரும்பினார்.

"உம்மடை தூளாலைதான்," என்றார் குணேஸ்வரியிடம். "கொக்குவிலிலை இடிச்சது எண்டு தலையிலை தூக்கி வைச்சீர். அதுக்குள்ளை என்னத்தைக் கலந்தாங்களோ ஆருக்குத் தெரியும்."

"நாங்களும் அதைத்தானே தின்னிறம்," என்றாள் குணேஸ்வரி.

"பெரியாக்களும் பிள்ளையும் ஒண்டோ? கொஞ்சம் யோசிச்சுக் கதையும்."

மிளகாய்த்தூள், சரக்குத்தூள், மஞ்சள், வசம்பு, தங்கை சீமேந்துப் பையில் சுற்றி அனுப்பிய ஒடியல் மா எல்லாவற்றையும் குணேஸ்வரி கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பைக்கு வைத்தாள். மூன்று கிழமை அந்த வீட்டில் கடையில் வாங்கிய மிளகுதான். மூன்று கிழமையும் சிவநேசம் சாப்பாட்டு மேசையில் அதையே சொல்லிக்காட்டினார். லயா வந்து போய்க்கொண்டிருந்தாள். வெளிச்சாப்பாடு வேண்டாம் என்று பயத்தில் பிள்ளைக்கு ஆழ்குளிரிலிருந்த கீரையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

கார்த்திகையில் பொதுச் சுகாதாரத் தாதி ஒருவர் வீடு பார்க்க வந்தார். நடுத்தர வயது, அமைதியான முகம், பிரெஞ்சை ஆறுதலாகப் பேசினார். குசினியில் தூள் ரின்களைக் கேட்டார், எல்லாம் எறிந்தாயிற்று என்றாள் குணேஸ்வரி. கர்க்லாண்ட் வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை, அதனால்தான் பகலில் பிள்ளை இருக்கிற இடத்துக்கு வந்தேன் என்றார் தாதி. பிறகு கராஜைக் காட்டச் சொன்னார். சிவநேசம் அதற்குத் தயாராக இருந்தார். முகமூடிகள், கையுறைப் பெட்டி, தனிச் செருப்பு, உடுப்புப் போடும் மூடிய கூடை, மஞ்சள் மை பூசிய பத்திரம் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினார். தாதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னார். சிவநேசம் அரைக் கண்ணால் குணேஸ்வரியைப் பார்த்தார்.

"இந்த வாளித் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டார் தாதி.

சிவநேசத்தின் முகம் மலர்ந்தது. இதை யாராவது கேட்கவேண்டும் என்று ஐந்து வருடமாக இருந்தார். "சாக்கடைக்கு இல்லை, மடாம். ஒரு சொட்டும் விட்டதில்லை," என்றார் தன் ஹோட்டல் பிரெஞ்சில். கராஜின் பின்கதவைத் திறந்து, உறைபனியில் கறுத்துக் கிடந்த பாத்தியைக் காட்டினார். "தூ ஓ ஜார்தான். எல்லாம் தோட்டத்துக்கு."

தாதியின் பேனா நின்றது. அவர் கதவடிக்கு வந்து பாத்தியைப் பார்த்தார். "அங்கே என்ன வளர்க்கிறீர்கள்?"

சிவநேசம் வாயைத் திறந்தார். கீரைக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தேடிக்கொண்டு நின்றவர், அந்தத் தேடலின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

குணேஸ்வரிக்குப் பிரெஞ்சு அவ்வளவு ஓடாது. தோட்டம் என்ற சொல் விளங்கியது, தாதியின் முகம் விளங்கியது. அவள் திரும்பி உள்ளே போனாள். மற்ற இருவரும் குசினிக்கு வந்தபோது ஆழ்குளிர்ப் பெட்டி திறந்து கிடந்தது. பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆடி. ஆவணி. ஆவணி, லயா. புரட்டாதி, லயா. தாதி இரண்டு பைகளைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். பெயர் எழுதிய பைகளைத் தொடவேண்டாம், தானே எடுக்கிறேன் என்று குணேஸ்வரி கையால் காட்டினாள்.

தாதி போனபிறகு சிவநேசம் குசினி வாசலில் நின்றார். ஏசுவாள், மூன்று கிழமைக்கும் சேர்த்து வட்டியோடு ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசவேண்டும் என்றுதான் விரும்பினார். குணேஸ்வரி பைகள் கிடந்த இடத்தில் ஊறிய தண்ணீரைத் துணியால் துடைத்தாள்.

"ஊட்டினது நானெல்லோ," என்றாள், துடைத்துக்கொண்டே.

அடுத்த நாள் வினோஜா வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை, வாசலைத் தாண்டவும் இல்லை. லயாவின் கோப்பையையும் கரடிப் பொம்மையையும் தாய் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வினோஜா அந்தப் பையை அப்படியே திரும்பக் கொடுத்துவிட்டாள், எறியச் சொல்லி.

"அப்பா, அதிலை ஈயம் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமெல்லோ," என்றாள்.

"ஓம்."

"பேந்து?"

சிவநேசம், தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினார். பிரணவன் காருக்குள் இருந்தான். அவன் ஒருநாளும் மாமனாரை ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்காமல் இருந்தான். இரண்டு வருடமாகக் கிடைக்காத கார்டெரி இடம், மூன்று மடங்கு காசுக்குத் தனியார் ஒருவரிடம் அந்தக் கிழமையே கிடைத்தது.

பனிக்காலம் நடுவில் சிவநேசம் கோதெல்லாவற்றையும் எடைக்கு விற்றார். ஐந்து வருடம் ஒற்றைக் கண்ணால் பிரித்தவை. வருடவாரியாகக் கட்டியிருந்த பைகளை அவிழ்த்து எல்லாவற்றையும் ஒரே பீப்பாய்க்குள் கொட்டினார். வாங்க வந்த உலோக வியாபாரி, அரசாங்க ஏலத்தில் இத்தனை வருடமாகத் தன்னோடு இழுபறிப்பட்ட இலக்கம் நீர்தானா என்று சிரித்துக்கொண்டு கேட்டான். மொட்டையன்தான். தோள்வரை தொங்கும் நரைத்த தலைமயிரைக் குதிரைவாலாகக் கட்டியிருந்தான். கையில் சங்கிலி இல்லை, இரண்டு விரலும் இல்லை. நல்ல மனிதனாக இருந்தான், பீப்பாய் ஏற்றக் கைகொடுத்தான். கடைசியில் சிவநேசம் மேல்தட்டிலிருந்த பால்மா ரின்னை எடுத்து வந்தார். "இதையும் உருக்கு," என்று அதையும் கொட்டினார். கோது ஏற்றி இறக்கிய வானையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அவருடைய இரத்தத்தையும் குணேஸ்வரியின் இரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம், அவருக்கு நிறைய. டொக்டர் ஒரு படத்தைக் காட்டி, வளர்ந்தவர்களுக்கு இது எலும்பில் போய்த் தங்கிவிடும், மெல்ல மெல்ல வெளியே வரும் என்று விளக்கினார். மற்றவர்களுக்கு அது ஒட்டாது, கையைக் கழுவி உடுப்பை மாற்றினால் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று தாதி போனிலும் சொன்னார், எழுதியும் அனுப்பினார். சிவநேசம் அந்தக் கடிதத்தை இங்கிலிஷிலும் பிரெஞ்சிலும் வாசித்தார். எலும்பில் இருக்கிறது என்பதை நம்பினார். ஒட்டாது என்பதை நம்பவில்லை. நாளைக்கு இருபது தரம் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. குணேஸ்வரி தண்ணீர் கொடுத்தால் கிளாஸைக் கையில் வாங்கமாட்டார், மேசையில் வைக்கச் சொல்வார்.

சித்திரையில் நிலம் இளகியதும் ஆட்கள் வந்து பாத்தியை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். இத்தாலியக் கிழவி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாள். அவளுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது, ஒரு கட்டுக் கீரைக்கு நன்றியாக அவள் தருகிற தக்காளி இனி வராது. லயாவின் இரத்தத்தில் அளவு பாதியாக இறங்கிவிட்டது என்று வினோஜா தாய்க்குச் சொன்னாள். பேச்சுப் பழக்க ஒரு ஆசிரியை வருகிறாராம். இந்தப் பேச்சுத் தாமதம் ஈயத்தாலா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்டதற்கு, அதை ஒருவராலும் சொல்லமுடியாது என்றாராம். சிவநேசத்துக்கு அது போதும். ஒருவராலும் சொல்லமுடியாததை அவர் தனக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

வைகாசி நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வினோஜா தானே போன் எடுத்தாள். "அப்பா, வாங்கோ. பிள்ளை தேடுறாள்," என்றாள். அந்த ஆறு மாதத்தில் அவள் தகப்பனோடு பேசிய முதல் பேச்சு அது. சிவநேசம் விடியவே குளித்தார், பிறகு இன்னொரு தரம் குளித்தார். அன்றைக்கென்று வாங்கிய புதுச் சேர்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டார். "முதலிலை சோப்," என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்தினார். வான் இல்லை, காரைக் குணேஸ்வரி கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தாள். இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே கர்க்லாண்டுக்குப் போனார்.

வீட்டு முன்றலில் வினோஜா நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். அப்பாவின் விரல்களைப் பார்த்தாள், புதுச் சேர்ட்டைப் பார்த்தாள், முகம் கொஞ்சம் இளகியது. "உள்ளை வாங்கோ," என்றாள். அவர் முன்றலின் விளிம்பிலேயே நின்றார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து லயா வெளியே வந்துவிட்டாள். வளர்ந்திருந்தாள். ஒரு கணம் நின்று பார்த்தாள், பிறகு பழைய ஓட்டமாக ஓடிவந்து, அவருடைய முழங்காலடியில் நின்று, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"தூக்குங்கோ அப்பா. ஒண்டும் செய்யாது, தூக்கலாம்," என்றாள் வினோஜா.

சிவநேசம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். விரல்கள் விரிந்திருந்தன, உள்ளங்கைகள் முன்னால் பார்த்தன. லயா அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்து, தன் கைகளை இன்னும் எட்டி உயர்த்தினாள். வினோஜா மறுபடி கூப்பிட்டாள். அவருக்குத் தோள்மூட்டு இரண்டும் நடுங்கத் தொடங்கியது. கையை அவர் இறக்கவில்லை.